கூடாரத்துக்கு இரண்டு விருந்தாளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தேன். முந்தின நாள் ஒரு கல்யாணம். நானூறு பேர் உட்காருகிற டென்ட். காற்று ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஆட்களோடு ஆளாக நானும் கயிற்றைப் பிடித்தேன். அறுபத்தெட்டு வயதில் அதெல்லாம் தேவையா? தேவையில்லைதான். உடம்பு அப்படித்தான் சொல்கிறது. யார் கேட்கிறார்கள்...

அப்போது என் மனைவி சரோஜா வந்து, மூக்குக்கு நேரே ஃபோனை நீட்டினாள்.

"ஏனுங்க, இதச் சித்தப் பாருங்க."

பார்த்தேன். பச்சைப் புல்வெளி. நடுவில் உச்சி கூராக ஒரு வெள்ளை டென்ட். உள்ளே கட்டில், மெத்தை, ஜமுக்காளம் மாதிரி ஒரு விரிப்பு, குளிர் காய ஒரு குட்டி இரும்பு அடுப்பு. வெளியே நாலு செம்மறி ஆடு. மழை தூறுகிறது. ஒரு அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.

"யாரு இது? நம்ம ஏரியாவுல புதுசா எவனாவது கடை போட்டிருக்கானா?" என்றேன். தொழில் புத்தி.

"கடையுமில்ல ஒண்ணுமில்ல. இங்கிலாந்துங்க. டெவன்னு ஒரு பக்கமாம். இதுக்குப் பேரு க்ளாம்பிங். நாம போலாமுங்களா?"

கேம்பிங் தெரியும். காட்டில் டென்ட் போட்டு, கொசுவிடம் கடி வாங்கிவிட்டு வருவது. அதையே கட்டில் மெத்தையோடு, கொஞ்சம் கிளாமர் சேர்த்துச் செய்தால் க்ளாம்பிங்காம். கடிக்கிற கொசு அதேதான் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், என் தொழிலே டென்ட்.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி... சரி, நாலைந்து வரி. ஈரோட்டில் எட்டாம் வகுப்பு ஃபெயில். அங்கே ஒரு சாமியானாக் கடையில் குழாய் தூக்கினேன். மச்சான் போட்ட ஸ்பான்சர் பேப்பரில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தேன். நியூ ஜெர்சியில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கினேன். நாலாவது வருஷம், ஒரு சர்ச்சில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய டென்ட்டை வாங்கி, கிழிசல் தைத்து, ஒரு கோயில் விழாவுக்கு வாடகைக்கு விட்டேன். அவ்வளவுதான் ஆரம்பம். இன்றைக்கு இங்கே எடிசன் ஊரைச் சுற்றி நம்மவர்கள் வீட்டுக் கல்யாணமா, வளைகாப்பா, அரங்கேற்றமா... பாதி என் கூரைக்கு அடியில்தான் நடக்கிறது. எம்.பி.ஏ. படித்த இரண்டு பேர் எனக்குப் போட்டியாகத் தொழில் ஆரம்பித்தார்கள். இப்போது அந்த இரண்டு பேரும் என்னிடம்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

இப்பேர்ப்பட்டவனை, விமானம் ஏறிப் போய் அடுத்தவன் டென்ட்டில் படு என்றால்?

"சரோஜா, நம்ம வேர்ஹவுஸ்ல பதினெட்டு டென்ட் மடிச்சுக் கெடக்குது. எது வேணும் சொல்லு. பின்னாடி யார்டுல போட்டுத் தர்றேன். கட்டில் போட்டு, சீரியல் லைட் போட்டு, ஜாலர் கட்டி..."

"ஆடு?"

"ஆடு எதுக்கு?"

"சரி, விடுங்க."

இந்த 'விடுங்க' இருக்கிறதே... அவள் கத்தினால் சமாளித்துவிடுவேன். பதிலுக்கு நானும் கத்துவேன், மாலை காப்பிக்குள் சரியாகிவிடும். 'விடுங்க' அப்படியில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அதை நாலைந்து தரம்தான் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தரமும் ஒரு மாதத்துக்கு ரசத்தில் உப்பு சரியாக இருக்கும். பேச்சில் இருக்காது.

மாலையில் மகள் கவிதா ஃபோன் பண்ணினாள். ஜெர்சி சிட்டியில் இருக்கிறாள். ஒரு பேங்குக்குக் காண்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள் போல.

"அப்பா, ஆறு மாசமா அம்மா அந்த வீடியோவையே பாத்துட்டிருக்காங்க. அவங்க லைஃப்ல எதாவது கேட்டிருக்காங்களா? ஜஸ்ட் புக் பண்ணுங்கப்பா."

"லண்டன்ல நல்ல ஓட்டல்ல ரூம் போடறேன் கண்ணு. லிஃப்ட் இருக்கும். பாத்ரூம் உள்ளேயே இருக்கும். எனக்கும் முட்டி வலி, உங்கம்மாவுக்கும் முட்டி வலி."

"அம்மா கேட்டது ஓட்டல் இல்லையே."

"டென்ட்டுல அப்படி என்னதான் இருக்குன்னு எனக்குப் புரியல."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? டென்ட் என்றால் டென்ட். அதைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது?

சரி, போய்த் தொலைவோம் என்று ஏற்பாட்டில் இறங்கினேன். ஐயோ... ஹாலிடே என்பது களைப்பு தீருவதற்கு என்று யார் சொன்னது? நெவார்க்கிலிருந்து லண்டன். லண்டனிலிருந்து ரயில். ரயிலை விட்டு இறங்கினால் வாடகைக் கார். அங்கே ரோட்டுக்கு இடப்பக்கம் ஓட்ட வேண்டும். ஈரோட்டில் அப்படித்தான் ஓட்டினேன், ஆனால் இருபத்தாறு வருஷமாகக் கைக்கு வலப்பக்கம்தான் பழக்கம். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இங்கிலாந்து போக ஃபோனிலேயே ஒரு அனுமதி வாங்க வேண்டுமாம். அதற்கு மூஞ்சியைப் போட்டோ எடுத்தால், 'முகம் தெளிவாக இல்லை' என்று மூன்று தரம் திருப்பி அனுப்பியது. என் மூஞ்சி அவ்வளவுதான் தெளிவு, என்ன செய்ய?

கக்கூஸ் டென்ட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி இருக்கிறதாம். தண்ணீர் கிடையாது. போய்விட்டு ஒரு கரண்டி மரத்தூளைப் போட வேண்டுமாம். இதற்கு 'இயற்கையோடு இணைந்த அனுபவம்' என்று பெயர் போட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் இதற்குப் பெயரே வைக்கவில்லை.

இதையெல்லாம் படித்துப் படித்து அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பண்ணையின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேதான் கண் நின்றது.

கயிறு தப்பு!

ஆறு டென்ட். ஆறிலும் முளையை நேராக அடித்திருக்கிறார்கள். முளை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றடித்தால் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கிக்கொண்டு வரும். கயிற்றை வேறு விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும் என்று தெரியாதா? மழைக்கு இடம் விட்டுக் கட்ட வேண்டாமா? இங்கிலாந்தில் மழை என்ன எப்போதாவது வருகிற விருந்தாளியா?

மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை, அங்கே மதியம், அந்தப் பண்ணைக்கே ஃபோன் போட்டேன். எடுத்தது சொந்தக்கார அம்மாள். பெயர் ஜில்லாம். அந்த ஊர்க் குளிருக்குப் பொருத்தமான பெயர்தான்.

"ஹலோ மேடம், காலிங் ஃப்ரம் நியூ ஜெர்சி. ஐ ஸா யுவர் போட்டோ. யுவர் ரோப் இஸ் ராங்."

அந்தப் பக்கம் மெதுவாக, "ஐ பெக் யுவர் பார்டன்?" என்றார்.

என் இங்கிலீஷ் கிழிந்த சாமியானா மாதிரிதான். ஓட்டை வழியே எல்லாம் தெரியும். ஆனால் டென்ட் விஷயம் பேச இலக்கணம் எதற்கு? முளை, கயிறு, மழை, காற்று... எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் குரல் மாறிக்கொண்டே வந்தது. போன வருஷம் காற்றில் இரண்டு டென்ட் சரிந்துவிட்டதாம். விருந்தாளிகள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். "என் கணவர் இருந்தவரை அவர்தான் கட்டுவார். அவர் போனபிறகு நானும் ஒரு ஆளும்தான், எங்களுக்கு இவ்வளவுதான் தெரிகிறது" என்றார்.

எனக்கு எப்படி இருக்கும்? சொல்லிவிட்டேன். "மேடம், டோன்ட் வொர்ரி. ஐ வில் கம் அண்ட் டை."

பதறிப்போனார். டை என்றால் அவருக்குச் சாவதாகக் கேட்டிருக்கிறது! கயிறு, கயிறு என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பேச்சு முடிந்தபோது இப்படி முடிவாகியிருந்தது: மே மாதம் சீசன் ஆரம்பிக்கிறபோது நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே போகிறோம். ஆறு டென்ட்டையும் பிரித்து, சரியாகக் கட்டித் தருகிறேன். பதிலுக்கு இரண்டு ராத்திரி கூடுதலாகத் தங்கிக்கொள்ளலாம். உங்கள் மனைவியும் கூட மாட உதவுவாரா, படுக்கை விரிப்பு வேலை இருக்கிறது என்று கேட்டார். "ஷ்யூர், ஷ்யூர்" என்றேன்.

ஃபோனை வைத்தபோது முட்டி வலியே தெரியவில்லை. டென்ட்டிலேயே ஹாலிடே போகிற ஊர்க்காரர்களுக்கு டென்ட் கட்டச் சொல்லிக்கொடுக்கப் போவது யார்? எட்டாங் கிளாஸ் ஃபெயில்!

சொந்தத் தொழில்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஓட்டல் வைத்திருக்கிறவன் இன்னொரு ஓட்டலில் சாப்பிட மாட்டான், சாம்பாரை முகர்ந்து பார்ப்பான். தையல்காரன் கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டான், தோள் பட்டைத் தையலைப் பார்ப்பான். எங்களுக்கு எங்கே போனாலும் வேலைதான் கண்ணில் படும். அதில் ஒரு திமிரும் உண்டு. ஒரு களைப்பும் உண்டு. களைப்பை வெளியே சொல்வதில்லை.

சமையலறைக்குப் போனேன். சரோஜா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலாந்து போகிறோம் என்றதும் கத்தி நின்றது. முகத்தில் சிரிப்பு வந்தது. ஆறு டென்ட், இரண்டு நாள், படுக்கை விரிப்பு என்று சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"அங்கயும் சேர் கவர் நான்தான் மாட்டோணுமுங்களா?"

"சேர் கவரெல்லாம் அங்க இருக்காது. பெட்ஷீட்தான்..."

சொன்னபிறகுதான் அவள் கேட்டது கேள்வி இல்லை என்று உறைத்தது.

"நான் வரலீங்க. நீங்களே போயிட்டு வாங்க."

"என்ன சரோஜா, நீ கேட்டேன்னுதானே..."

"நான் கேட்டது வேற." கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தச் சர்ச் டென்ட்டைத் தெச்சது யாரு? விரல்ல ரத்தம் வர வரத் தெச்சேன். இருவத்திரண்டு வருஷமா எத்தன டென்ட்டுக்கு உங்களோட வந்திருப்பேன்? சேர் கவர் மாட்டியிருக்கேன், மேசைக்குத் துணி விரிச்சிருக்கேன், சேறு துடைச்சிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு டென்ட்டுக்குள்ள சேர்ல சாஞ்சு உக்காந்திருக்கேனா? சொல்லுங்க."

நான் பீன்ஸ் காம்புகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

"இன்னொருத்தரு கட்டின டென்ட்டுல, இன்னொருத்தரு போட்ட படுக்கைல, மழை பேயறப்ப சும்மா உக்காந்து ஒரு டீ குடிக்கோணும். அவ்ளோதானுங்க நான் கேட்டது. நீங்க எனக்கு அங்கயும் வேலை புடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"அந்தம்மா பாவம், புருஷன் இல்ல..."

"நான் பாவம் இல்லீங்களா? அமெரிக்காவுக்கு நாம வந்ததே எங்கண்ணன் எனக்குப் போட்ட பேப்பர்ல. அத நீங்க ஊரெல்லாம் 'நானே வந்தேன், நானே வளர்ந்தேன்'னு எழுதறப்ப ஒரு நாள் கேட்டிருக்கேனா?"

இது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"கவிதா கல்யாணத்துல தாலி கட்டறப்ப நான் எங்க இருந்தேன்?"

"மேடையிலதான். வேற எங்க?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். கெட்டிமேளம் ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளை முடிச்சுப் போடத் திணறினது ஞாபகம் இருக்கிறது. என் பக்கத்தில் யார் நின்றார்கள்? மச்சான் நின்றார். சரோஜா?

"பந்தி டென்ட்டுல நின்னுட்டிருந்தேனுங்க. கூரைல தண்ணி தேங்கி, வயிறு மாதிரி தொங்கிட்டிருந்தது. உங்க ஆளுங்க எல்லாரும் தாலி கட்டறதப் பாக்கப் போயிட்டாங்க. நான் தொடப்பக் கட்டைல மேல தள்ளித் தள்ளி விட்டுட்டிருந்தேன். பட்டுப்பொடவையோட. மேளச் சத்தம் மட்டும் கேட்டுது."

வாசகர்களே, அந்தக் கல்யாணத்தைப் பற்றி இதே பத்தியில் இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு மழையிலும் என் டென்ட்டில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை என்று. தள்ளாவிட்டால் தண்ணீரின் கனத்தில் கூரை கிழியும். யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? அன்றைக்கு ஏன் கிழியவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். முட்டி வலி திரும்பி வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஜில் அம்மாளுக்கு மறுபடி ஃபோன் போட்டேன். இந்தத் தரம் பேசுவது கஷ்டமாக இருந்தது. வேலையைக் கேட்டு வாங்கிப் பழகியவனுக்கு, ஒத்துக்கொண்ட வேலையை வேண்டாம் என்று சொல்வது வாந்தி எடுக்கிற மாதிரி.

"சாரி மேடம். நோ வொர்க். ஒன்லி கெஸ்ட். டூ கெஸ்ட்."

ஏமாற்றம் குரலிலேயே தெரிந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். இல்லை மேடம், என் மனைவி இதுவரை ஒரு டென்ட்டில்கூட விருந்தாளியாக இருந்ததில்லை, என்றேன். என் இங்கிலீஷில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அந்த அம்மாள், "அப்படியானால் எந்த வேலையும் கிடையாது, காலை டீயை நானே கொண்டுவந்து கொடுப்பேன்" என்றார்.

வைக்கப் போனவன் வைக்கவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, முளையை எந்தச் சாய்வில் அடிப்பது, கயிற்றில் எவ்வளவு தொய்வு விடுவது என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். ஃபோனில் சொன்னது வேலை ஆகாது என்பது என் கட்சி. சரோஜாவிடம் இதைச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மாலையில் டிக்கெட்டை ப்ரின்ட் போட்டு அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை. நின்றபடியே படித்தாள்.

"வேலை?"

"கிடையாது. சொல்லிட்டேன்."

"அந்தம்மா கட்டின டென்ட்டுலதான் படுக்கப் போறமா?"

"ஆமா."

"கயிறு தப்பாயிருந்தா?"

"இருக்கட்டும்."

"மழை பேஞ்சு கூரை ஒழுகினா என்ன பண்ணுவீங்க?"

சுத்தியல் எங்கே இருக்கும், துடைப்பக் கட்டை எங்கே இருக்கும், எந்த மூலையில் முதலில் கயிற்றைத் தளர்த்துவது என்று மனசு அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன்.

"உன் பக்கத்துல உக்காந்து நனைவேன்."

சரோஜா டிக்கெட்டை எடுத்து மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஸ்வெட்டர் ரெண்டு வாங்கோணும்" என்றாள். அவ்வளவுதான்.

ஒழுகுகிற கூரைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று அனுபவம் உள்ளவர்கள் யாராவது எழுதுங்கள்... எனக்கு அந்தத் தொழில் தெரியாது!